வியன்னாவுக்கும் லிஸ்பனுக்கும் நடுவே ஒரு கவுன்

லிஸ்பன் விமான நிலையம்,
சனிக்கிழமை மாலை.

அன்புள்ள ஜெயலீலா அண்ணிக்கு,

கொழுந்தன் பிலிப் வணக்கத்தோடு எழுதுவது. ஆண்டவர் அருளால் உயிரோடு இருக்கிறேன், மற்ற சுகங்களைக் கீழே காண்க. ஹூஸ்டனில் நீங்களும் அண்ணனும் நலமாகத்தான் இருப்பீர்கள், அலைகிறவன் நான்தானே.

போன வாரம் ஹில்கிராஃப்ட் கடைத்தெருவில் உங்களோடு மளிகை வாங்க வந்த இடத்தில், ஆபீஸ் வேலையாக வியன்னா போகிறேன் என்று வாயை விட்டது என் தப்பு. "லிஸ்பன்ல நம்ம ஜோவானாவோட கைப்புள்ளைக்கு ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். நீங்க அந்தப் பக்கம்தானே போறீங்க தம்பி, நம்ம குடும்பத்துக் கவுனை அப்படியே குடுத்துட்டு வந்துடுங்க" என்றீர்கள். அண்ணி, ரெண்டும் ஐரோப்பாதான், இல்லை என்று சொல்லவில்லை. நடுவில் இரண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டர் கிடக்கிறது, நேராகப் பறந்தாலே கிட்டத்தட்ட நாலு மணி நேரம் என்றேன். "பிளானோலேர்ந்து எங்க வீட்டுக்கு டிரைவ் பண்றதும் நாலு மணி நேரம்தான், மாசா மாசம் வரீங்கல்ல?" என்று கேட்டீர்கள்.

ஆனாலும் என்னால் வர முடியாது, வியன்னாவிலிருந்து கூரியரில் அனுப்புகிறேன் என்று ஜோவானாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். நேற்று நீங்கள் வியன்னாவுக்கே போன் போட்டு, நம் குடும்பத்தில் அந்தக் கவுன் போடாமல் ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளை ஒன்றுகூட இல்லை என்று அழுததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் மேனேஜர் பிரீத்தியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ஓடினால் நேர் விமானத்தில் இடமில்லை, ஃப்ராங்க்ஃபர்ட் போய் மாறு என்கிறார்கள், சரி என்று செக்யூரிட்டியில் பெட்டியைத் திறந்தால் கவுன் மடிப்பிலிருந்து வெள்ளை வெள்ளையாகப் பாச்சை உருண்டை உருண்டு ஓடுகிறது, ஒன்றைப் பிடித்து முகர்ந்த அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். துணிக்குப் போடுறது சார் என்றால் நம்ப வேண்டாமா? தனி அறையில் சட்டையைக் கழற்ற வைத்துவிட்டார் அண்ணி. அதற்கப்புறம் ஒரு கையில் பெல்ட்டும் ஒரு கையில் கவுனுமாக ஓடி ஏறி, இறங்கி, மாறி, ஒருவழியாக வந்து சேர்ந்தேன்.

இருந்தாலும் மனசு நிறைந்திருக்கிறது. ஜோவானாவிடம் சொல்லவில்லை. கதவைத் திறந்ததும் அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

அண்ணனுக்கு என் அன்பு. ஆண்டவர் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் ஒரு உலக வரைபடத்தையும் தந்தருளட்டும்.

இப்படிக்கு,
பிலிப்

பி.கு.: இப்போதுதான் ஜோவானா கூப்பிட்டாள். "சித்தப்பா, ஐ'ம் இன் யுவர் ஹோட்டல். யூ செட் யூ குட்ன்ட் கம், சோ ஐ கேம்" என்கிறாள். அவளிடமும் அழுதிருக்கிறீர்கள். கைக்குழந்தையை விட முடியாமல் அதையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். "திரும்பி வர்ற டிக்கெட்டை அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்றீர்களாமே, நாளை சாயங்காலம் வரை இடமில்லையாம். ஞானஸ்நானம் காலையில். கோயில் இங்கே, ஃபாதர் இங்கே, கவுனும் நீங்கள் ஆசைப்பட்டபடி வந்து சேர்ந்துவிட்டது. குழந்தைதான் வியன்னாவில் இருக்கிறது.