எங்கள் பிக்கப்பின் புதுச் சைலன்சரும் உன் ஹஜ் பயணமும்

பாலாவி

அன்புத் தங்கச்சி நஃபீஸாவுக்கு, உன் ராத்தா றஹ்மத் உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. என் முழங்காலையும் எங்கள் பிக்கப்பையும் தவிர இங்கே எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். நீயும் உன் புருஷன் மீரா முகைதீனும் மக்காவில் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். உனக்கு ஐந்து நேரமும், அவருக்கு வெள்ளிக்கிழமைகளில்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் உன் போனை அவர்தான் எடுப்பார், எடுத்து அறை முழுக்கக் கேட்கும்படி வைப்பார். அதனால் அடுத்த விமானத்தில் ஹஜ்ஜுக்கு வரும் நம் ஊர் மிஹ்லாரிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். நீ தனியாக இருந்து வாசி.

நீ ஹஜ்ஜுக்குப் போகிறாய் என்று கேள்விப்பட்டதும், உன்னை நேரில் கண்டு, எல்லாவற்றையும் மன்னித்துப் பொருந்திக்கொண்டேன் என்று என் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். உம்மா மவுத்தான அன்று நீ கேட்காமல் எடுத்துப்போன, அவர் வெற்றிலை துப்பும் பித்தளைப் படிக்கத்தையும் சேர்த்துத்தான். வெற்றிலைத் தட்டம் இன்றைக்கும் என்னிடம் படிக்கமில்லாமல் கிடக்கிறது, அது வேறு கதை. ஆனால் உங்கள் ஊர் எத்தாளைக்கு வருவதென்றால், உங்கள் வீட்டுக்குத் திரும்பும் அந்த ஒடுங்கிய மணல் ஒழுங்கை இருக்கிறதே. உன் மகள் ஸபீனாவின் கல்யாணத்துக்கு வட்டிலப்பச் சட்டியோடு வந்து நாங்கள் அதில் புதைந்ததையும், உன் புருஷன் டிரக்டரைக் கட்டி இழுத்ததையும் நான் மறக்கவில்லை. இழுத்தது போதாதென்று மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வைத்து, "ராத்தா, டயர்ல காத்து கூட. கொஞ்சம் எறக்கிவிட்டா இந்த மணல்ல பூன மாதிரிப் போகும்" என்றார். "எங்கட காத்த நாங்க பாத்துக்குவம்" என்றேன். மாப்பிள்ளையின் வாப்பா சிரித்தார். அந்தப் பல் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆகவே இந்த முறை டிரக்டர் இல்லாமல் உன் வாசலில் வந்து இறங்க வேண்டும் என்று, பேரன் ரிப்கானையும் பிக்கப்பையும் கூட்டிக்கொண்டு மெக்கானிக் முனாஸ் பாஸின் கராஜுக்குப் போனேன். வேகம் வேண்டாம், மணலில் மெதுவாகப் போகும்போதே மாடு மாதிரி இழுக்க வேண்டும் என்றேன். அவர் இரண்டு புகைக்குழாய் காட்டினார். ஒன்று பழையதைவிடக் கொஞ்சம் பெரிது. மற்றது என் முழங்கை உள்ளே போகும்.

"உம்மா, மெதுவா இழுக்கிறதுக்கு இந்தச் சின்னதுதான் சரி. பெருசு றோட்டுல பறக்கிற ஆக்களுக்கு. மெதுவாப் போறப்ப இழுவ செத்துடும்."

"நான் விறகடுப்புல சமைக்கிறவ தம்பி. புக போற வழி பெருசானாத்தான் நெருப்பு நல்லா எரியும்."

"எஞ்சின் அடுப்பில்ல உம்மா."

"அப்ப புக ஏன் வருது?"

அவர் பழையதைக் கழற்றினார். பெரியதையே பூட்டினார். எஞ்சினுக்குப் போகும் டீசலையும் கூட்டிவிடச் சொன்னேன், அடுப்பு பெருத்தால் விறகும் கூட வேண்டுமே. அந்த நேரம் பார்த்துத்தான் நீ பயணம் சொல்ல எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாய். நான் திரும்பி வந்தபோது நீ வைத்துவிட்டுப் போன தொதல் மட்டும் இருந்தது. நல்ல தொதல். ஆனால் ஒரு துண்டுக்கு மேல் தின்ன மனம் வரவில்லை.

பிறகு நீங்கள் புறப்படும் நாள் காலை வந்தோம். எங்கள் சத்தத்துக்கு வழி நெடுகப் படுத்திருந்த கழுதைகளெல்லாம் எழுந்து நின்று பார்த்தன. தார் றோட்டில் வண்டி பறந்தது. உங்கள் ஒழுங்கையில் இறங்கி மெதுவாக்கியதும் சத்தம்தான் மிச்சம், இழுவை இல்லை. கல்யாணத்தன்று புதைந்த அதே பூவரச மரத்தடியில் அதே சில்லு புதைந்தது. எதிரே உங்களை ஏற்றிய வேன் வருகிறது. ஒரு வண்டிக்குத்தான் இடம். உன் புருஷன் இறங்கிப் போய், தோட்டத்து வேலியைப் பிரித்துக்கொண்டு டிரக்டரோடு எங்களுக்குப் பின்னால் வந்தார். அவர் குனிந்து கயிறு கட்டும்போது ரிப்கான் ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்தான். புதுக் குழாய் கக்கிய புகையில், ஹஜ்ஜுக்கென்று தைத்த அவருடைய வெள்ளைச் சட்டை தாச்சிச் சட்டியின் அடிமாதிரிக் கறுத்துப்போனது.

நீ வேனிலிருந்து இறங்கி வேலியோரம் நின்று ஏதோ சொன்னாய். எஞ்சின் சத்தத்தில் உன் உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. என் பக்கக் கதவு வேலியில் இறுகித் திறக்கவில்லை. "ரிப்கான், எஞ்சின நிப்பாட்டுடா" என்றேன். "நிப்பாட்டினா திரும்ப எடுக்காது உம்மும்மா, வேன் போகணும்" என்றான். "பொருந்திக்கொண்டேன்" என்று கத்தினேன். நீ காதில் கை வைத்தாய். வேன்காரர் மணிக்கூட்டைக் காட்டினார். நல்லபடியாகப் போய் வா என்று நான் கையை ஆட்டினேன். உன் முகம் சுருங்கியதைப் பார்த்த பிறகுதான், அங்கே நிற்கிறவளுக்கு அந்தக் கை 'போ, போ' என்றுதான் தெரிந்திருக்கும் என்று விளங்கியது. அதற்குள் நீ ஏறிவிட்டாய். டிரக்டர் எங்களைப் பின்னுக்கு இழுத்து வழிவிட, வேன் உங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, நஃபீஸா. ராத்தா பொருந்தாமல் அனுப்பினா என்று நீ கஃபாவின் முன்னால் நின்று அழக்கூடாது. அதனால் எழுதித் தருகிறேன். உன்னை முழு மனதோடு பொருந்திக்கொண்டேன், படிக்கத்தோடு. நீயும் என்னைப் பொருந்திக்கொள். உன் புருஷனின் விசயம் வேறு. ஒழுங்கைக்குக் கல் போடாமல் வைத்திருப்பதும், டிரக்டரை எந்நேரமும் ஆயத்தமாக வைத்திருப்பதும் என்னைத் தலைகுனிய வைக்கத்தான். அவரோடு மறுமையில் பேசிக்கொள்கிறேன். சட்டை கறுத்ததற்குக் கவலைப்படுவதாக எழுதச் சொல்லி ரிப்கான் சொல்கிறான். அவன் கவலைப்படுகிறான்.

அல்லாஹ் உன் ஹஜ்ஜை ஏற்று, உன்னைச் சுகமாக உன் வாசலில் கொண்டுவந்து சேர்க்கட்டும். என் முழங்காலுக்கு ஸம்ஸம் தண்ணீர் மறக்காதே.

உன் ராத்தா,
றஹ்மத் உம்மா

பி.கு.: இதை மடித்து வைத்த பிறகு ரிப்கான் உன் தோட்டத்துப் பூசணியை ஏற்றப் போய் வந்தான். ஒழுங்கை முகப்பில் டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டுப் பார்த்தானாம், சும்மா. அதே குழாயோடுதான். பூவரசைத் தாண்டி உன் வாசல்வரை பூனை மாதிரிப் போனதாம், பூசணிச் சுமையோடு திரும்பியும் வந்ததாம். வேறு தாள் இல்லாததால் மேலே எழுதியதை அப்படியே விடுகிறேன். ராத்தா தன்னைப் பொருந்திக்கொள்ளச் சொன்னா என்று உன் புருஷனிடம் சொல். எதற்கு என்று கேட்டால், சட்டைக்கு என்று சொல்.