சந்தேகம் சார் பிடித்த வெளிச்சம்

பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து முழுக்க, நம்பிக்கை என்பதோடு பேச்சுவார்த்தையே வைத்துக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் சந்தேகம் சார்தான். தினம் ஏறும் பஸ்ஸிலேயே கண்டக்டரிடம், “பாகூர்தானே போவுது?” என்பார். “ஆமா சார்” என்று பதில் வந்தால் டிரைவரிடமும் போய்க் கேட்பார். டீக்கடையில் சர்க்கரை போட்ட டீ ஒன்று, போடாதது ஒன்று வாங்குவார். இரண்டையும் குடித்துப் பார்த்தால்தான் சர்க்கரை விழுந்தது உறுதியாகுமாம்.

வேலையும் அதற்கேற்ற வேலை. ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரி ஆய்வகத்தில், லேசர் ஒளியின் துடிப்பை அளக்க சென்சார் செய்துகொண்டிருந்தார். நொய்யரிசி அளவில் ஒரு சில்லு. அது அளக்க வேண்டிய ஒளியோ வந்த சுவடு தெரியாமல் போய்விடும். கண் சிமிட்டும் நேரம் அதற்கு ஒரு யுகம். நான் அவருக்கு டெக்னீஷியன். கரையாம்புத்தூரிலிருந்து பைக்கில் வந்து திட்டு வாங்கிக்கொண்டு போவேன்.

ஒருநாள் நிதி கொடுக்கும் குழு பார்வையிட வந்தது. சென்சார் வேலை செய்தால் ஆய்வு தொடரும். இல்லையென்றால் ஆய்வகத்துக்குப் பூட்டு, எனக்கும் வேலை போகும். லேசரைப் போட்டதும் திரையில் கோபுரம்போல் ஒரு கோடு எழும்பியது. “பிரமாதம்!” என்றார் குழுத் தலைவர். எனக்கு உயிர் வந்தது.

சார் முகம் மட்டும் சுருங்கியது. “இம்மாம் அழகாவா வரும்? ஏம்பா, வெளிச்சத்த மறை.”

காது கேட்காதவன்போல் நின்றேன். குழுவுக்காக வாங்கி வைத்திருந்த ஸ்வீட் பெட்டியின் மூடியை அவரே எடுத்து ஒளிக்குக் குறுக்கே வைத்தார். கோடு அசையவே இல்லை.

“பாத்தீங்களா! வெளிச்சமே உள்ள போவல, இன்னாத்த அளக்குது இது? லேசரோட கரண்ட் இரைச்சல ஒயரு இழுத்துக்குது!” திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த பூரிப்பு அவருக்கு. குழு கொஞ்ச காலம் மட்டும் அவகாசம் கொடுத்துவிட்டுக் கிளம்பியது.

“ஏன் சார், அவங்க போன பின்னாடி மறைச்சிருக்கக் கூடாதா?” என்று சண்டை போட்டேன்.

“அந்தக் கோட்ட வர வெச்சதே நீதானா?” என்று என்னையே சந்தேகப்பட்டார்.

பிறகு இரைச்சல் புகாதபடி ஒயர்களுக்கெல்லாம் செம்புத் தகடு சுற்றினோம். கோபுரம் படுத்துவிட்டது. அந்த இடத்தில் சின்னதாக ஒரு மேடு.

“நீ மறைப்பா. எங் கைய நான் நம்ப மாட்டேன்.”

மறைத்தேன், மேடு போனது. எடுத்தேன், வந்தது. சாப்பாட்டையும் மறந்து மறைத்து மறைத்து எடுத்தேன். திரையை விட்டு அவர் கண்ணெடுக்கவில்லை. கடைசியில் மெதுவாகச் சொன்னார்: “நெசமாதான் இருக்கும்போலப்பா.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சின்ன மேட்டைக் காட்டித்தான் ஆய்வும் பிழைத்தது, என் வேலையும் பிழைத்தது. இன்று யார் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தாலும் எனக்கு ஏறுவதில்லை. அந்த மனிதர் ஒருமுறை “இருக்கும்போல” என்றால் போதும், கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன்.