தக்காளிக்காரருக்குக் கூவக் கற்றுக்கொடுத்த கதை

கெய்ரோவில் எங்கள் ஷுப்ரா தெருக்களில் கூவி விற்பவர்களுக்குப் படைப்பாற்றல் போதவில்லை என்பது மேலிடத்தின் மேலான கவனத்துக்கு வந்தது. உடனே 'கூவல் மேம்பாட்டுப் பயிற்சி வகுப்பு' தொடங்கப்பட்டது. சான்றிதழ் இல்லாதவர் வண்டி தள்ளக்கூடாது என்று உத்தரவும் வந்தது.

தக்காளி விற்கும் மெத்வல்லியும் வகுப்பில் பெயர் கொடுத்தார். வண்டி நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது. மாடிவீட்டுப் பெண்கள் நாங்கள் யாரும் கீழே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அவர் குரல் கேட்டதும் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவோம், தக்காளி ஏறி வரும்.

வேடிக்கை பார்க்க நானும் வகுப்புக்குப் போனேன்.

"ஒருத்தர் கூவணும், மத்தவங்க கருத்து சொல்லணும். யார் மனசையும் புண்படுத்தாத கூவல்தான் உயர்ந்த கூவல்" என்றார் பயிற்சியாளர் உஸ்தாத் பஹ்கத், கழுத்துப்பட்டையைச் சரிசெய்தபடி.

மெத்வல்லி எழுந்து காதில் கைவைத்தார். "வெட்கத்துல சிவந்தவளே, வாடி! வெயிலையெல்லாம் குடிச்சவளே, அடுப்பங்கரை ராணியே!"

எனக்கு அங்கேயே தக்காளி வாங்கவேண்டும் போலிருந்தது.

"பிரமாதம்! இப்ப குழுவோட கருத்து" என்றார் உஸ்தாத்.

"வெயில்னு சொன்னா என் சரக்கு கெட்டுப்போச்சுன்னு சனங்க நெனப்பாங்க. அதை எடுத்துடுய்யா" என்றான் மீன்காரன்.

"சிவப்புதான் ஒசத்தியா? மஞ்சளுக்கு என்ன கொறச்சல்?" எலுமிச்சைக்காரி கொதித்தாள்.

"ராணியாம்! இது குடியரசுய்யா!" என்றார் துடைப்பம் விற்பவர்.

"அப்போ மிச்சம் என்னங்க உஸ்தாத்?" என்றார் மெத்வல்லி பரிதாபமாக.

"'வாடி' இருக்கே. ஆனா அதுல மரியாதை பத்தல."

வண்டி போய்விடுமே என்று மெத்வல்லி அதையும் விட்டுக்கொடுத்தார். பிறகு மற்றவர்கள் கூவியபோது ஒரு சொல் விடாமல் உரித்துப் பழிதீர்த்துக்கொண்டார். மாலைக்குள் எல்லாருடைய கூவலும் ஒருமனதாக ஒரே வடிவத்தை எட்டியது: "இங்கே பொருள் உண்டு." எல்லாருக்கும் சான்றிதழ் கிடைத்தது.

மறுநாள் தெருவெங்கும் பொருள் உண்டு. தக்காளிக்குக் கூடை இறக்கினேன், மீன் வந்தது. திருப்பி இறக்கினேன், துடைப்பம் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யோவ் மெத்வல்லி! ஊமைக் கழுதை மாதிரி போறியே, உன் நாக்கை எந்த ஆபீசுல அடகு வச்சே?"

"இங்கதான்க்கா இருக்கேன்!" என்று கீழேயிருந்து பதில் வந்தது, கூடையில் தக்காளியே ஏறி வந்தது. தெருவே கைதட்டியது. எதிர்வீட்டு உம்மு ஷெரிஃப் என்னை மிஞ்ச வேண்டும் என்று மீன்காரனைப் பாட்டாகவே பாடித் திட்டினாள். மாடிக்கு மாடி புதுப்புது வசவு கிளம்ப, வியாபாரம் களைகட்டியது. சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது.

தெருவில் படைப்பாற்றல் பொங்கி வழிவது பயிற்சியின் பயனே என்று மேலிடம் மனமகிழ்ந்தது. ஆகவே இல்லத்தரசிகளுக்கும் வகுப்பு வைத்தார்கள். சான்றிதழ் இல்லாதவர் கூடை இறக்கக்கூடாது.

போனால், பயிற்சியாளர் நாற்காலியில் கழுத்துப்பட்டை கட்டிய மெத்வல்லி! என் வசவைக் கண்மூடி ரசித்துக் கேட்டார்.

"பிரமாதம்க்கா! ஆனா அந்தக் கழுதை... அது மனசு புண்படாதா?"

"அதானே!" என்று முதல் ஆளாகக் கை தூக்கினாள் உம்மு ஷெரிஃப்.

அடுத்து அவள் பாட்டுதான். நான் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டேன்.