ஜோக் அருவிக்குப் புறப்பட்ட ரிட்டன் அண்ணன்

மைசூர் ராஜ்யத்தில் ஜோக் அருவியைப் பார்க்க அதிகத் தடவை புறப்பட்டவர் யார் என்று ஒரு போட்டி வைத்திருந்தால், முதல் பரிசு எங்கள் ரிட்டன் அண்ணனுக்குத்தான். பார்க்காமலே திரும்பி வந்ததற்கும் அவருக்கேதான். இரண்டாவது பரிசுக்கு ஆளே கிடைத்திருக்காது.

அவருடைய சொந்தப் பெயர் தொழிற்சாலையின் ஹாஜர் புத்தகத்தில் மட்டும் இருந்தது. பெங்களூர் மர்பி டவுனில் பால்காரர் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் அவர் ரிட்டன் அண்ணன். பிட்டர் வேலை. கடோத்கஜ மீசை. லீவு கிடைத்தால் போதும், யுத்தம் முடிந்து சிவாஜிநகரில் மலிவாக விற்ற பட்டாளத்து முதுகுப் பை ஒன்றை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். தங்குவதற்குச் சத்திரம், குளிப்பதற்குக் குளம், தின்பதற்குப் புளிச்சோறு. பஸ் டிக்கெட்டைத் தவிர வேறு எதற்கும் காசு கொடுப்பது பாவம் என்பது அவர் கொள்கை.

கிளம்புவதில் குறையே சொல்ல முடியாது. போவதில்தான் சிக்கல். ஊரைத் தாண்டியதும் மனிதருக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும். ஒருமுறை தும்கூரில் யாரோ கருவாடு வறுத்த வாசனை வந்தது, திரும்பிவிட்டார். இன்னொரு முறை திப்டூரில் ஒரு குழந்தை அழுதது, திரும்பிவிட்டார். அரசிகெரே வரை போன சாதனைப் பயணத்தில், ஒரு நாய் எங்கள் தெரு நாயைப் போலவே காதைச் சொறிந்ததாம். அதற்கு ஒரு பன் வாங்கிப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிட்டார்.

"ரயில்ல போனா சீக்கிரம் போயிடலாமேண்ணா?" என்று கேட்டேன்.

"ரயிலு நம்ம பேச்சைக் கேக்காதுப்பா. பஸ்ஸுன்னா எங்க வேணும்னாலும் எறங்கிக்கலாம்" என்றார்.

ஏழு தடவை இப்படி நடந்த பிறகு அண்ணிக்குப் பொறுமை போய்விட்டது. "இந்த வாட்டி அருவியைப் பாக்காம வந்தின்னு வையி, அந்தப் பையில நான் வெங்காயம் கொட்டி வச்சிடுவேன். அப்புறம் ஊரு, பஸ்ஸுன்னு வாயே தொறக்கக் கூடாது" என்று தெருவே கேட்கும்படி சொல்லிவிட்டார். டீக்கடையில் அன்று முழுக்க இதே பேச்சு. ரிட்டன் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அருவி அவருக்கு விளையாட்டு இல்லை. முப்பத்தைந்து வயது வரை தொழிற்சாலைச் சுவரைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை என்ற ஏக்கம் அவருக்கு உண்மையாகவே இருந்தது.

அதனால் எட்டாவது தடவை என்னைத் துணைக்கு அழைத்தார். நான் அதே தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா, அவருக்கு அடுத்த அறையில் குடி. ஆம்பூரிலிருந்து வந்து எட்டு மாதமாகியிருந்தது. வேலை நிரந்தரமாகும்வரை ஊர்ப்பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்று அப்பாவிடம் வீறாப்புப் பேசிவிட்டு வந்தவன். வீட்டு ஞாபகமா, எனக்கா என்று மார்தட்டிக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

கலாசிபாளையத்தில் பஸ் ஏறியதும் அண்ணன் தன் திட்டத்தைச் சொன்னார். "ஊட்டு ஞாபகம் வர்றதுக்கு முன்னாடியே ஊட்டைக் கையோட எடுத்துக்கினு போயிட்டா?" பையைத் திறந்து காட்டினார். சுவரில் மாட்டும் காலண்டர், அதற்கான ஆணி, ஆணி அடிக்கச் சுத்தியல், வீட்டு வாசலில் கிடக்கும் மிதியடி. துணிமணி என்று பார்த்தால் ஒரே ஒரு வேட்டி.

தாபஸ்பேட்டையைத் தாண்டும்போது மணி பன்னிரண்டு. புளிச்சோற்று மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிடலியாண்ணா?"

"சங்கு ஊதலியே."

பதினைந்து வருஷமாகத் தொழிற்சாலைச் சங்கு ஊதிய பிறகே சாப்பிட்டுப் பழகிய வயிறு. சங்கு ஊதாமல் சோறு இறங்காதாம். "நீ ஊது தம்பி. ஒரே ஒரு வாட்டி" என்று கெஞ்சினார். அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் கையைக் குவித்து வாயில் வைத்து, ஊஊஊ என்று பலமாக ஊதினேன். டிரைவர் பிரேக் போட்டார். கூடையிலிருந்த கோழிகள் பறந்தன. பட்டாளத்தில் இருந்து ரிடயரான ஒருவர் விமானத் தாக்குதல் என்று நினைத்து சீட்டுக்கு அடியில் போய்விட்டார். "ஏன்ரீ ஆயித்து?" என்று கன்னடத்தில் என்ன ஆச்சென்று கேட்டபடி கண்டக்டர் ஓடி வந்தபோது, அண்ணன் நிம்மதியாக மூன்றாவது கவளத்தை விழுங்கிக்கொண்டிருந்தார்.

அன்று தும்கூர் சத்திரத்தில் காலண்டருக்கு ஆணி அடித்து, படுக்கைக்கு முன்னால் மிதியடி போட்டு, அதில் காலைத் துடைத்துவிட்டுப் படுத்தார். விடிந்ததும் என்னை எழுப்பினார். கண்கள் கலங்கியிருந்தன.

"தம்பி, கோவிந்தம்மா திட்டணுமே."

கோவிந்தம்மா எங்கள் எதிர்வீடு. எங்கள் தெருக் குழாயில் ஆளுக்குப் பதிலாகக் குடம்தான் வரிசையில் நிற்கும். தினமும் காலையில் அண்ணன் தன் குடத்தைக் காலால் மெல்ல முன்னுக்குத் தள்ளுவார், கோவிந்தம்மா பார்த்துவிட்டுத் திட்டுவார். அந்த அர்ச்சனை இல்லாமல் அவருக்கு நாள் தொடங்கியதே இல்லை. வேறு வழியில்லை. சத்திரத்துக் கிணற்றடியில் இரண்டு சொம்புகளை வைத்துக்கொண்டு இடுப்பில் கைவைத்தேன்.

"யோவ்! கண்ணு தெரியுதா இல்லியா? என் குடத்தைத் தள்ளிட்டு உன் குடத்தை வைக்கிறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?"

"பேஷ்! இன்னும் கொஞ்சம் சத்தமா!"

சத்தமாகவே திட்டினேன். சத்திரமே கூடிவிட்டது. "யாக்ரீ ஜகளா?" என்று எதற்குச் சண்டை எனக் கேட்டுக்கொண்டு ஒரு கௌடர் பஞ்சாயத்துக்கு வந்தார். தண்ணீருக்காக இரண்டு ஆண்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்து மனம் நொந்து, தானே ஒரு வாளி இறைத்துக் கொடுத்தார். அண்ணன் அதில் முகம் கழுவிவிட்டு, "இப்பத்தான் ஊர்ல இருக்கற மாதிரி இருக்கு" என்று சிரித்தார்.

வைத்தியம் பலித்துவிட்டது. அரசிகெரேயைத் தாண்டியபோது அண்ணன் ஓடும் பஸ்ஸில் எழுந்து நின்று எல்லோருக்கும் கும்பிடு போட்டார். சிமோகாவும் தாண்டிற்று. நான்காம் நாள் காலை சாகரத்தில் இருந்தோம். அருவிக்கு இருபது மைல்கூட இல்லை.

வழக்கம்போலக் கிணற்றடியில் சொம்புகளை வைத்தேன். "யோவ், கண்ணு தெரியுதா..." என்று ஆரம்பித்தேன். மூன்று நாளாக நான் திட்டியது கோவிந்தம்மா குரலில் இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அது ஆம்பூர்க் குழாயடியில் சண்டை போடும் என் அம்மாவின் குரல். அதே இழுப்பு, அதே இடுப்புக் கை. இருபத்துமூன்று வயது ஆண்பிள்ளை, அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன்.

அண்ணன் பதறிப்போனார். ஓடிப்போய்க் காலண்டரைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். மிதியடியை என் காலடியில் போட்டார். காலை ஏழு மணிக்குப் பன்னிரண்டு மணிச் சங்கை அவரே ஊதினார். கடைசியில் தானே கோவிந்தம்மாவாகி, மீசையை முறுக்கிக்கொண்டு என்னைத் திட்டிப் பார்த்தார். நான் இன்னும் பலமாக அழுதேன்.

பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்கள் நின்றன. ஒன்று அருவிக்கு, ஒன்று சிமோகாவுக்கு.

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கண்ணா. நான் மட்டும் அம்மாகிட்ட போயிடறேன்" என்றேன்.

அருவி பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. கண்டக்டர் "ஜோக்! ஜோக்!" என்று கூவிக்கொண்டிருந்தான். அண்ணன் அந்தப் பஸ்ஸை ஒருமுறை தலை முதல் கால் வரை பார்த்தார். பிறகு பையைத் தூக்கி சிமோகா பஸ்ஸின் மேல் வீசினார்.

"அது எங்கியும் போவாது, அங்கியேதான் கொட்டிக்கினு இருக்கும். ஏறு."

ஆம்பூர் வரைக்கும் கூடவே வந்தார். வழியில் எங்கேயும் காலண்டரை மாட்டவில்லை, சங்கைக் கேட்கவில்லை. அம்மா போட்ட சோற்றை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். தன் வீட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. என்னை விட்டுவிட்டு மறுநாள் தனியாகப் பெங்களூருக்குப் போனார்.

ஒரு வாரம் கழித்து நான் மர்பி டவுன் திரும்பியபோது, டீக்கடையில் சிரிப்பு இன்னும் ஓயவில்லை. நடுவில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். "எனக்குத்தான் முடியலப்பா. சாகரம் வரைக்கும் போயிட்டேன், ஊட்டு ஞாபகம் வந்திடுச்சி. பாவம், தம்பி எவ்வளவோ சொன்னான்" என்றார். என்னைப் பார்த்து, வாயைத் திறக்காதே என்று கண்ணால் அதட்டினார். நான் டீயைக் குடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். அண்ணி பையில் வெங்காயம் கொட்டிவிட்டார். அதன் பிறகு அண்ணன் எங்கேயும் கிளம்பவில்லை. கடைசி வரைக்கும் தெரு அவரை ரிட்டன் அண்ணன் என்றுதான் கூப்பிட்டது.

அந்த டீக்கடையில் சொல்லியிருக்க வேண்டியதை, இத்தனை வருஷம் கழித்து இங்கே சொல்லிவிடுகிறேன். சாகரத்திலிருந்து திரும்பியவன் நான். அண்ணன் எனக்குத் துணையாக வந்தார்.