மந்தைவெளி துரையின் மரணங்கள்

இந்தியாவை விட்டு மந்தைவெளி துரை அளவுக்கு அடிக்கடி வெளியேற்றப்பட்ட வெள்ளைக்காரர் சரித்திரத்திலேயே கிடையாது. சில படங்களில் அவரைக் கப்பலேற்றினார்கள். பெரும்பாலான படங்களில் நேராக மேலோகத்துக்கே அனுப்பினார்கள். சுட்டார்கள், வெட்டினார்கள், குதிரையிலிருந்து தள்ளினார்கள். ஒரு படத்தில் கதாநாயகன் தேர்ச்சக்கரத்தைக் கழற்றி வீசியே கதையை முடித்தார். துரை ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகச் செத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்து மாலைக் காப்பிக்கு மந்தைவெளி வந்து சேர்ந்துவிடுவார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பாஸ்போர்ட்டுக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் தெரியும். மற்ற எல்லாருக்கும் துரைதான். அசல் இங்கிலீஷ்காரர். அங்கே ஏதோ ஒரு சின்ன ஊரில் பிறந்து, நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பல வருஷம் கதவைத் திறந்துவிடும் வேலைக்காரனாகவே நடித்தவர்.

"வசனம் ஏதாவது உண்டா துரை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உண்டு நைனா. 'டின்னர் ரெடி'. அவ்ளோதான். ஆனா அத நான் சொன்னேன்னு வெச்சுக்கோ, ஆடியன்ஸுக்கே பசிக்கும்."

அந்தக் கம்பெனி சென்னைக்கு நாடகம் போட வந்தது. மற்றவர்களுக்குக் கைதட்டல் கிடைத்தது, இவருக்கு மஞ்சள் காமாலை கிடைத்தது. கம்பெனி காத்திருக்க முடியாமல் கிளம்பிவிட்டது. சாந்தோமில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் இவரை வீட்டில் தங்கவைத்துக்கொண்டது. அந்த வீட்டின் மூத்த பெண் பள்ளிக்கூட டீச்சர். தினமும் கீழாநெல்லிச் சாறும் கஞ்சியும் திட்டும் கலந்து கொடுத்தார். காமாலை இறங்கிவிட்டது. துரை இறங்கவில்லை. அடுத்த வருஷம் கோயிலில் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள்.

டீச்சர் அவருக்கு ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். எதிரே இருந்த ஆட்டோ ஸ்டாண்டும் சொல்லிக்கொடுத்தது. போட்டியில் ஆட்டோ ஸ்டாண்டு ஜெயித்தது. ழகரத்தை மட்டும் டீச்சர் எப்படியோ காப்பாற்றிவிட்டார்.

ஒருநாள் மாடவீதியில் நானும் துரையும் நடந்துகொண்டிருந்தோம். ஒரு கைடு ஓடிவந்து, "ஹலோ சார், வெல்கம் டு மைலாப்பூர்! டெம்பிள் டூர்?" என்றான்.

துரை அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஊருக்குப் புச்சா நைனா நீ?"

கைடு ஒரு அடி பின்னால் போனான். "ஆமா சார். வந்து மூணு மாசம் ஆவுது."

"அதான பாத்தேன். வா, நான் சுத்திக் காட்றேன்."

நாலு வீதியையும் காட்டி, எந்த மெஸ்ஸில் எத்தனை மணிக்குப் போனால் பொங்கல் சூடாக இருக்கும் என்பதுவரை சொல்லித்தான் அவனை விட்டார். கைடு கைகூப்பி விடைபெற்றான்.

இப்படிப்பட்ட மனிதர் லஸ் முனையில் ஒரு ஆட்டோக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் ஒரு சினிமா டைரக்டர் கலெக்டர் வேஷத்துக்குக் கூப்பிட்டார். முதல் நாள், முதல் ஷாட். கிராமத்தைக் கொளுத்தும்படி சிப்பாய்களுக்குக் கட்டளையிட வேண்டும். துரை குதிரைமேல் நிமிர்ந்து உட்கார்ந்து முழங்கினார்.

"கொளுத்துங்கடா! இன்னா வேடிக்க பாத்துக்கினு கீறீங்க?"

சிப்பாய்கள் தீவட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். அசோக் நகரிலிருந்து வந்த உதவி டைரக்டர் ஒருவர் துரையைத் தனியாக அழைத்துப் போனார்.

"சார், வெள்ளக்காரன் இப்படிப் பேச மாட்டான்."

"அப்பறம் எப்டிபா பேசுவான்?"

"இடுப்புல கைய வெச்சுக்கிட்டு, 'ஓ மை காட்! இந்தே வூரே நான் கொல்த்திடுவான்'னு இழுக்கணும்."

"'நான் கொளுத்திடுவான்' தப்புபா. 'கொளுத்திடுவேன்'. டீச்சர் கேட்டா தோல உரிச்சிடுவாங்க."

அசோக் நகர்க்காரர் விடவில்லை. ஒரு வெள்ளைக்காரருக்கு, வெள்ளைக்காரர் எப்படி நடப்பார், எப்படி நிற்பார், எப்படிச் சுருட்டுப் பிடிப்பார் என்று ஒரு வாரம் பாடம் எடுத்தார். துரையும் கவனமாகக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகும் ஒரு சிக்கல். குரல் சரியில்லையாம். 'வெள்ளைக்காரன் குரல் மாதிரியே இல்லை' என்று சொல்லி, நங்கநல்லூரிலிருந்து ஒரு பேங்க் ஓய்வூதியரைக் கூட்டிவந்து பேசவைத்தார்கள். அவர் லண்டனைக் காலண்டரில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. ஆனால் மைக் முன்னால் நின்று "யூ ராஸ்கோல்" என்றாரானால் ஒரு சாம்ராஜ்யமே எழுந்து நிற்கும். அன்றிலிருந்து துரையின் எல்லாப் படங்களுக்கும் அவர்தான் குரல். இருவரும் சிநேகிதர்களாகிவிட்டார்கள். துரை அவரை யாருக்காவது அறிமுகப்படுத்தினால், "இவுருதான் என் தொண்டை" என்பார்.

குரல் கைவிட்டுப் போனதாலோ என்னவோ, துரை தன் முழுத் திறமையையும் சாவதில் காட்ட ஆரம்பித்தார். எங்கள் அடுக்ககத்தின் மாடிப்படிதான் ஒத்திகை மேடை. கீழ்த்தளத்தில் அவர் வீடு. நேர் மேலே என் வீடு. ஒருநாள் முதல் மாடியிலிருந்து உருண்டு, கடைசிப் படியில் கண் செருகிக் கிடந்தார். எதிர்வீட்டு மாமி அலறினார்.

"ஐயையோ, துரை மாமா விழுந்துட்டார்! ஆத்துல ஆம்பளைகள் யாராவது இருந்தா ஓடி வாங்கோளேன்!"

வாட்ஸப் குழுவில் சேதி பரவி, பத்து நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. டீச்சர் கையைத் துடைத்தபடி வெளியே வந்து, ஸ்ட்ரெச்சரோடு நின்றவர்களைப் பார்த்தார்.

"அவரு செத்துட்டிருக்காரு. இன்னும் கால் மணியில எழுந்துடுவாரு. வந்தது வந்தீங்க, காப்பி சாப்பிட்டுப் போங்க."

படியில் கிடந்த பிணம் கண்ணைத் திறக்காமலே சொன்னது: "எனக்கும் ஒண்ணு டீச்சர். சக்கர கம்மியா."

இத்தனை இருந்தும் டீச்சர் அவருடைய ஒரு படத்தைக்கூடப் பார்த்ததில்லை. கேட்டால் பட்டென்று சொல்வார்: "கட்டுன புருஷன் சாவறத நான் பாப்கார்ன் சாப்பிட்டுக்கிட்டே பாக்கணுமா?"

அந்தச் சமயத்தில் நான் ஒரு டிவி தொடருக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை துரை மாடியேறி வந்தார். வழக்கமான கும்மாளம் இல்லை.

"நைனா, எனக்கு ஒரு ரோல் எழுது. சின்னதா இருந்தாலும் பரவால்ல. சாவக் கூடாது."

"ஏன், அலுத்துப்போச்சா?"

"அதுக்கில்ல. டீச்சர் இந்த மாசம் ரிட்டயர் ஆவுறாங்க. என் தொழில் இன்னான்னு அவங்க ஒருவாட்டியாவது பாக்கணும்."

எழுதினேன். கதாநாயகனின் தம்பி ஒரு வெளிநாட்டுப் பெண்ணைக் காதலிக்கிறான். கல்யாணப் பேச்சுக்காகப் பெண்ணின் அப்பா வருகிறார். இந்த ஊரில் பல வருஷம் வாழ்ந்தவர். சுடவும் இல்லை, கொளுத்தவும் இல்லை. சோபாவில் உட்கார்ந்து சம்பந்தி பேசுகிறார். தொடரின் டைரக்டர் அரைமனதாக ஒத்துக்கொண்டார்.

அடையாறில் ஒரு பங்களாவில் படப்பிடிப்பு. மாப்பிள்ளையின் அப்பா, "உங்க பொண்ணுக்கு எங்க வீட்டுப் பழக்கவழக்கமெல்லாம் எப்படிங்க தெரியும்?" என்று இளக்காரமாகக் கேட்க வேண்டும். கேட்டார். துரை காப்பித் தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"பழக்கத்த யார் வேணா கத்துக்கலாம் சம்பந்தி. நான் கத்துக்கலையா? வந்த வூட்ல நம்மள ஒரு மனுசனா பாத்தாங்கன்னா போதும். மத்ததெல்லாம் தன்னால வந்துரும்."

நான் எழுதியது வேறு நாலு வரி. இது அவருடையது. விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட அசையவில்லை. டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பிரமாதம் சார்! ஃபர்ஸ்ட் கிளாஸ்! அந்தத் தமிழ மட்டும் டப்பிங்ல சரி பண்ணிக்கலாம்."

துரை சிரித்தார். பழக்கப்பட்ட சிரிப்பு. "தொண்டைக்கு ஒரு போனப் போட்டுடு நைனா" என்றார். வீடு வந்ததும், ஆட்டோக்காரர் அதிகமாகக் கேட்ட காசைச் சண்டை போடாமல் கொடுத்தார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

மறுநாள் காலை தி.நகரில் டப்பிங் தியேட்டர். நங்கநல்லூர்க்காரர் சாப்பாட்டுப் பையோடு வந்தார். காட்சியைத் துரையின் சொந்தக் குரலோடு ஒருமுறை ஓட்டிக் காட்டினார்கள். பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இத்தனை வருஷமா இவர் வாயசைச்சார், நான் பேசினேன். இதுல அவரே பேசிட்டார். இதுக்கு மேல நான் வாயத் தொறந்தா பாவம் சார்."

"சாயங்காலம் டெலிகாஸ்ட் சார்! வேற ஆளுக்கு நான் எங்க போவேன்?" என்று டைரக்டர் பதறினார்.

"அப்போ நாழியாறதே. இதையே அனுப்பிடுங்கோ."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் அந்தக் கம்பெனி அவரை ரொம்ப நாள் கூப்பிடவில்லை. அவரும் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

அன்று மாலை துரை தன் சொந்தக் குரலில் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் போனார். டீச்சர் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகிற புடவையைக் கட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். துரை ஒரு ஓரமாக, தப்பு செய்த மாணவன் மாதிரி நின்றார். வசனம் முடிந்தது. டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"'வூட்ல' இல்ல. 'வீட்ல'" என்றார்.

"சரி டீச்சர்" என்றார் துரை.

விஷயம் அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் நேயர்கள் என்றொரு ஜாதி இருக்கிறதே! மறுநாள் டிவி நிறுவனத்துக்குப் புகார் மழை. "வெள்ளைக்காரத் தாத்தா நன்றாக நடித்தார். டப்பிங் குரல் கேவலம்." "லண்டன்காரருக்கு ராயபுரத்து ஆளைப் பேசவைத்த அறிவாளி யார்?" "வாயும் குரலும் ஒட்டவே இல்லை." ஒருவர் இதற்காகத் தொடர் பார்ப்பதையே நிறுத்திவிட்டதாக மூன்று முறை எழுதியிருந்தார்.

டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். "வியாழக்கிழமை சம்பந்திக்கு ஹார்ட் அட்டாக். எழுதிடுங்க."

துரை வீட்டுக்கு இறங்கிப் போனேன். வாசலில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, மூஞ்சி தொங்கிக்கினு கீது? முடிக்கச் சொல்லிட்டாங்களா?"

தலையாட்டினேன்.

"எப்டி?"

"ஹார்ட் அட்டாக்."

"அது ஈஸி. படிக்கட்டு தேவையில்ல." பாலீஷ் பிரஷ் ரெண்டு தடவை போய்வந்தது. அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "டீச்சர் தெனம் பாக்கறாங்க நைனா. வியாழக்கெழமையும் பாப்பாங்களே."

என் எழுத்து வாழ்க்கையில் நான் யாரையும் எதிர்த்ததில்லை. வில்லியைத் திருத்து என்றால் திருத்துவேன், கர்ப்பத்தைக் கலை என்றால் கலைப்பேன். அன்றைக்கு மட்டும் எப்படியோ கால்கள் டைரக்டர் அறைக்கு நடந்தன.

"சார், சம்பந்தி செத்தா தீட்டு. தீட்டுன்னா கல்யாணம் நிக்கும். கல்யாணம் நின்னா முகூர்த்தப்பட்டு விளம்பரம்?"

டைரக்டரின் முகம் மாறியது. பட்டுப்புடவைக் கடைதான் தொடரையே நடத்திக்கொண்டிருந்தது. "ஐயோ! அப்ப அவரை என்ன பண்றது?"

"கீரை வாங்க அனுப்பிடலாம்."

அப்படியே எடுத்தார்கள். துரை கையில் பையோடு வருகிறார். "ஒரு கட்டு முருங்கக்கீர வாங்கினு வந்துர்றேன்" என்கிறார். வாசலைத் தாண்டிப் போகிறார். அவ்வளவுதான். தொடர் அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஓடியது. கல்யாணம் நடந்தது, விவாகரத்து நடந்தது, ஆஸ்பத்திரியில் குழந்தை மாறியது, மாறிய குழந்தை வளர்ந்து வக்கீலும் ஆனது. கீரை வாங்கப் போனவர் என்ன ஆனார் என்று பெற்ற மகள்கூடக் கேட்கவில்லை. நேயர்களும் கேட்கவில்லை.

ஒருவர் மட்டும் கேட்டார். அந்தக் காட்சி வந்த மறுநாள் காலையில் டீச்சர் மாடியேறி வந்து என் வாசலில் நின்றார். கண்டிப்பான முகம். நான் ஒன்றாம் வகுப்பு மாணவனானேன்.

"நேத்து அவரு வெளிய போறப்ப வானம் இருட்டிக்கிட்டு இருந்துச்சு, கவனிச்சீங்களா?"

"இல்லீங்க டீச்சர்."

"கையில ஒரு குடையக் குடுத்து அனுப்பியிருக்கலாமில்ல? எழுதற உங்களுக்கு அதுகூடத் தோணாதா?"

மன்னிப்புக் கேட்டேன். டீச்சர் படியிறங்கிப் போனார். கீழே துரை யாரிடமோ போனில், புதுப் படத்தில் தன்னைப் பீரங்கியால் சுடப்போவதாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது நான் வேறு தொடர், வேறு கம்பெனி. ஆனாலும் மழை பிடித்துக்கொண்டால், பேனாவைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நடை கீழே இறங்கி, துரையின் செருப்பு வாசலில் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். கிடந்தால்தான் எனக்கு எழுத ஓடுகிறது.