ஆறு பேட்ஜும் மூலையில்லாத வட்டமும்

புதுத் துணியைக் கண்டால் என் விரல் சும்மா இருக்காது. குழைத்த மஞ்சளை ஒரு மூலையில் தொட்டு வைக்காமல் என் வீட்டில் யாரும் எதையும் உடுத்த முடியாது. முருகன் புண்ணியத்தில் இதனால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. அந்த ஒரு சனிக்கிழமையைத் தவிர.

ஈப்போவை ஒட்டிய சிலிபினில் எங்கள் வீட்டு முன்னறையில் எம்பிராய்டரி மெஷின் ஒன்று வைத்திருக்கிறேன். தைப்பூசக் காவடிக் குழுக்களின் சட்டைக்கு வேலும் மயிலும் போடுவதுதான் பிழைப்பு. மருமகள் தர்ஷினி வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. படித்த பெண். என்னோடு "சாப்பிட்டீங்களா அத்தை", "தூங்கினீங்களா அத்தை" என்பதற்கு மேல் பேச்சு நீளாது. (நான் படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். நானும் என்னத்தைப் பேசுவேன்?) அவள் ஒருநாள் தானாக வந்து என் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தை, ஆறு பேட்ஜ் தைச்சுத் தருவீங்களா? ஸ்பேஸ்ஷிப் யூனிஃபார்முக்கு."

"யாருக்கு வேலை கிடைச்சிருக்கு?"

வேலை இல்லையாம். அவளும் ஐந்து நண்பர்களும் தாங்களே கற்பனை செய்த விண்கப்பலின் ஆட்களாக உடுத்திக்கொண்டு, ஈப்போவில் ஒரு பேரங்காடியில் நடக்கும் வேடப் போட்டிக்குப் போகிறார்களாம். வெள்ளைச் சட்டை எல்லாரிடமும் இருந்தது. பேட்ஜ் இல்லாவிட்டால் பல் கிளினிக் ஆட்கள் மாதிரி இருப்போம் என்றாள்.

மருமகள் என்னிடம் கேட்ட முதல் உதவி. சொதப்பக்கூடாது என்று குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டேன். வெள்ளைப் பட்டு நூலில் வட்டம், நடுவே வளையம் போட்ட நீலக் கோள், பதவிக்குத் தக்க நட்சத்திரம். தைக்கத் தைக்க எனக்குக் கேள்விகள் முளைத்தன.

"கப்பல்ல சாமி அறை உண்டா?"

"யோசிக்கலை அத்தை."

"சரி, விளக்கை எந்தப் பக்கம் பார்த்து வைப்பீங்க? அங்க கிழக்கு எது?"

அவள் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்க கிழக்கே கிடையாது அத்தை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிழக்கு இல்லாத ஊருக்குப் பிள்ளைகளை எப்படி அனுப்புவது?

வெள்ளிக்கிழமை மாலை ஆறும் முடிந்தன. மஞ்சளைக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் உறைத்தது: வட்டத்துக்கு ஏது மூலை? எந்தப் பக்கம் வைப்பது? கிழக்கும் தெரியாது. சரி, வம்பே வேண்டாம் என்று நாலு பக்கமும் வைத்தேன். ஆறு பேட்ஜுக்கும் தாராளமாக இருபத்து நாலு பொட்டு. முருகன் படத்தின் முன்னால் தட்டில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் தர்ஷினி தட்டைப் பார்த்தாள். முகம் சுண்டிப்போனது.

"அத்தை... வெள்ளையில மஞ்சள்... ஒன்பது மணிக்கு எல்லாரும் வந்துடுவாங்க."

"அஞ்சு நிமிஷம்மா!"

பேட்ஜுகளை அள்ளிக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். துணி சோப்பைப் போட்டு ஒரு தேய். மஞ்சள் போனது. பதிலுக்குச் சிவப்பு வந்தது! அலசினால் மறுபடி மஞ்சள். சோப்பு போட்டால் மறுபடி சிவப்பு. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கும் என்று தெரிந்து எத்தனை கல்யாணத்துக்கு ஆரத்தி கரைத்தவள் நான்! சோப்புக்கும் அதே குணம் உண்டென்று அன்றுதான் கண்டுபிடித்தேன்.

வாளியை எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர் சொன்னார்: "என்னா லா இது, ராக்கெட்டுக்கு ஆரத்தியா?"

வாசலில் ஹார்ன் அடித்தது. அவர்கள் கப்பலின் கேப்டன், சீனப் பையன் ஆ மெங், மற்ற நாலு பேரோடு இறங்கி வந்தான். வேறு வழியில்லை. சிவந்த நிலையிலேயே இஸ்திரி போட்டுக் காயவைத்து நீட்டினேன். ஒவ்வொன்றிலும் நாலு பக்கமும் சிவப்புத் திட்டு. நான் தேய்த்த தேய்ப்பில் நட்சத்திரங்களும் கொஞ்சம் தலைகலைந்திருந்தன.

"அலாமாக்! ஆன்ட்டி, இது என்ன?" என்று மலாயில் கேட்டான்.

தர்ஷினி தரையைப் பார்த்தாள். எனக்கு அழுகை முட்டியது. தெரிந்த மலாயில் உள்ளதைச் சொன்னேன்: புதுசு உடுத்தினால் மஞ்சள் வைப்போம், நல்லபடியாகப் போய் வரணும் என்று. மேலே கிழக்கு எதுவென்று தெரியவில்லை, அதனால் நாலு பக்கமும் வைத்தேன் என்று.

ஆ மெங் பேட்ஜை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "உண்மைதான்லா. மேலே போனா கிழக்கு ஏது?" என்று சொல்லிவிட்டுச் சட்டையில் குத்திக்கொண்டான்.

தர்ஷினிதான் முதலில் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர.

போட்டியில் ஆறுதல் பரிசுகூட இல்லை. நடுவர் அந்தச் சிவப்பு என்னவென்று கேட்டாராம். கேப்டன் நான் சொன்னதை அப்படியே சொன்னானாம். அவர் தலையாட்டிவிட்டு, பக்கத்தில் நின்ற பச்சை முக ஆசாமிக்குப் பரிசைக் கொடுத்துவிட்டார். அன்று மாலை தர்ஷினி இதையெல்லாம் சொல்ல அடுக்களையில் என்னோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நான்தான் "அரிசி களையணும்மா" என்று எழுப்பிவிட வேண்டியிருந்தது.

இந்த வருடம் கப்பலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். பன்னிரண்டு பேட்ஜ் கேட்டிருக்கிறார்கள், சிவப்புத் திட்டு கட்டாயம் வேண்டுமாம். சிவப்பு நூலில் தைத்துத் தரட்டுமா என்றேன். கூடாதாம், மஞ்சள் வைத்துத்தான் ஆகணுமாம்.

இப்போது எங்கள் வீட்டுக்குப் புதுசாக எது வந்தாலும் இந்தப் பேச்சுதான். போன மாதம் மகன் புதுக் காரை ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினான். வெள்ளைக் கார். நான் மஞ்சள் கிண்ணத்தோடு இறங்கியதும் தர்ஷினி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்:

"தைரியமா நாலு பக்கமும் வைங்க அத்தை. சோப்பை நான் ஒளிச்சு வச்சிட்டேன்!"