சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் ஒன்றரை மணி நேரம்

மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. ஒன்பதரையிலிருந்து எட்டைக் கழித்தால் ஒன்றரைதான் வரும். எந்தச் சபையில் வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், திருப்போரூர் கோயிலில் என் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் குத்துவதுதான் முறை. என் மனைவி புவனாவுக்குப் பிறந்த வீட்டுப் பக்கம் மிச்சமிருந்தது ஒரே தம்பி, சேகர். சிங்கப்பூரில் வெல்டர். அவன் மடியில்தான் குத்த வேண்டும் என்று புவனா ஒற்றைக்காலில் நின்றாள். அவன் அனுப்பிய டிக்கெட் நகலில், கிளம்புவது காலை எட்டு, சென்னையில் இறங்குவது ஒன்பதரை என்று இருந்தது. நல்ல நேரம் பன்னிரண்டு வரை. தாராளம்.

"கடலத் தாண்டி வர்றதுக்கு ஒன்றரை மணி நேரந்தானா?" என்றாள் புவனா.

"கேளம்பாக்கத்துலர்ந்து பாரிஸ் கார்னர் போற பஸ்ஸுக்கே ஒன்றரை மணி ஆவுதேன்னு பாக்கறியா? அது ரோட்ல போவுது. இது ஆகாசம். குறுக்க மாடு வருமா?" என்றேன். (அந்தப் பதில் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.)

விசேஷத்தன்று காலை சேகர் போன் செய்தான். "மாமா, பிளைட்டு ரெண்டரை மணி நேரம் லேட்டு. இப்பதான் ஏறப் போறோம்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி எட்டு.

"இன்னாடா லேட்டு? டிக்கெட்ல போட்டா மாதிரி கரெக்டா எட்டுக்கு ஏர்ற. பயப்படாம வா."

"அது இல்ல மாமா..." என்றான். நான் வைத்துவிட்டேன்.

ஒன்பதரைக்கு மீனம்பாக்கத்தில் நின்றேன். பத்தரை ஆயிற்று. சேகர் வரவில்லை. பக்கத்தில் காத்திருந்த ஒருவர்தான் சொன்னார்: "அவங்க மணி நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடும் சார். பறக்கறது மட்டும் நாலு மணி நேரம்."

"அத ஏன் சார் டிக்கெட்ல போடல?" என்று அவரிடமே சண்டைக்குப் போனேன். அவர் வேறு நாற்காலிக்கு மாறிக்கொண்டார்.

சேகர் இறங்கும்போது மணி பன்னிரண்டு. நாங்கள் திருப்போரூர் போய்ச் சேர்ந்தபோது கிட்டத்தட்ட இரண்டு. "நல்ல நேரம் போய்கினே கீது" என்று அவசரப்படுத்தி, ஆசாரி என் அண்ணன் மடியில் வைத்தே இரண்டு காதையும் குத்தி முடித்திருந்தார்.

புவனாவின் கண்கள் வீங்கியிருந்தன. "என் வூட்டு ஆளுன்னு ஒருத்தன்தான் கீறான். லேட்டுன்னு அவன் சொன்னத என்னாண்ட சொல்லியிருந்தா வேற நாள் வெச்சிருப்போமே, அதையும் கெடுத்துட்டீங்களே" என்றாள். எனக்கு நிஜமாகவே வலித்தது. ஆனால் அங்கே காட்டிக்கொள்ளவில்லை. கணக்கு என் பக்கம் இருந்தது.

சேகர்தான் குதித்தான். "தாய்மாமன் நான் இருக்கசொல்ல எப்டி குத்துனீங்க? இன்னொரு வாட்டி குத்துங்க!" குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஆசாரி இடது காதில், முதல் துளைக்குச் சற்று மேலே ஒன்று குத்தினார். குழந்தை போட்ட கூச்சலில் சேகரே பயந்துபோய், வலது காதை விட்டுவிடச் சொன்னான்.

மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். ஒரு காதில் மட்டும் ஏன் இரண்டு கம்மல் என்று யாராவது கேட்டால், "கீழ கீறது இந்திய நேரம், மேல கீறது சிங்கப்பூர் நேரம். எங்கப்பாவுக்கு வித்தியாசம் தெரியட்டும்னு" என்கிறாள். ஒவ்வொரு முறையும் புவனா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அன்றைக்கு அவள் அழுத அழுகையைப் பார்த்தவன் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் எதிர்த்துப் பேசுவதில்லை.